மெதுவாக, இடது பக்கமாக

நூம்பல்
8.11.2024

கஸ்தூரிக்கு,

நீ சொல்லிவிட்டுப் போனபடி இன்று உன் வகுப்புக்குப் போய்வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கடிதம் முழுவதும் இந்த ஒரு வரியைத்தான் தேடுவாய்.

வகுப்பு பத்தரைக்கு. நான் பத்து மணிக்கே காட்டுப்பாக்கம் போய்ச் சேர்ந்துவிட்டேன். மாடிப்படி டைல்ஸ் கடைக்கு உள்ளேயிருந்து ஏறுகிறது என்று நீ சொல்லவில்லை. கடைக்காரர் வேம்புலி என்னைப் பார்த்ததும், "இன்னா சார் பாக்கறீங்க, பாத்ரூமுக்கா, ஹாலுக்கா?" என்றார். மாடிக்கு என்றேன். "மாடில லேடீஸ் டான்ஸ் கிளாஸ் நடந்துகினு கீது சார். நீங்க யாரைப் பாக்கணும்?" என் மனைவி அங்கே படிக்கிறாள் என்றேன். "அப்போ ஊட்டுக்காரம்மா மேல கீறாங்களா?" இல்லை, திருச்சியில் இருக்கிறாள் என்றேன். அவர் ஒரு டைல்ஸை எடுத்து மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார். நான் இருபது நிமிடம் சமையலறை டைல்ஸ் பார்த்தேன்.

உன் டீச்சர் சபீனா நல்ல பெண். நீ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. "வாங்க அங்கிள், போனை இதுல போடுங்க" என்று ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினாள். யாரோ ஒருத்தி ஆடியதை இன்னொருத்தி படம் பிடித்து, அது அவர்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவரை போய்விட்ட பிறகு இந்தக் கட்டுப்பாடாம். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க. எழுத்துல யாரு முகம் தெரியப்போவுது?" என்றாள்.

சுவர் முழுக்கக் கண்ணாடி. ஐந்து பெண்களும் கண்ணாடியைப் பார்த்து நிற்கிறார்கள். நான் அவர்களுக்குப் பின்னால், கதவோரம், பிளாஸ்டிக் ஸ்டூலில். எல்லோருக்கும் முன்னால், இடது ஓரம், உன் இடம் காலியாக இருந்தது. அசைவுகளைக் கோத்த ஒரு கட்டுக்குக் காம்போ என்கிறார்கள். நீ ஊருக்குப் போகும்வரை கற்றது முதல் ஸ்லோ காம்போவாம். இன்று இரண்டாவதை ஆரம்பித்தார்கள். குறிப்புத் தாள் எண் 1 இணைத்திருக்கிறேன். தொடக்கத்தில் வலது கால் முன்னால் நீளும், சுமார் இருபத்தைந்து சென்டிமீட்டர். எடை இடது காலில். பிறகு நடந்தவற்றை எட்டு எட்டு எண்ணிக்கையாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். தூரங்களில் இரண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்.

தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் உதிரிபாகங்களை அளந்தவன் நான். ஆனால் அவை அசையாது. ஆகவே இந்தக் குறிப்பு எவ்வளவு பயன்படும் என்று தெரியவில்லை.

நம் பெண் சௌம்யா பிரசவம்வரை படுக்கையில்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நீ மறுபடியும் அவளுக்கு நினைவுபடுத்து.

லோகநாதன்


திருவெறும்பூர்
13.11.2024

உங்களுக்கு,

தாள் வந்தது. நான்கு முறை படித்தேன். ஒரே ஒரு சந்தேகம். இடுப்பு எங்கே?

நான் கற்றுக்கொள்வது பெல்லி டான்ஸ். டிரைபல் ஃப்யூஷன் பெல்லி டான்ஸ். நீங்கள் இந்தப் பெயரை ஒரு வருடமாக வாய்விட்டுச் சொல்லாமல் "அந்த வகுப்பு" என்கிறீர்கள், சரி. ஆனால் உங்கள் தாளில் கணுக்காலுக்கு மேலே மனித உடம்பே இல்லையே! ஐந்து பெண்களின் பாதங்களை மட்டும் முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள், செருப்புக்கு அளவெடுக்க வந்தவர் என்றா?

போனில் கேட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் நினைக்கலாம். இங்கே போன் பேசினால் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கிறது. உங்களுக்கோ காது மந்தம். "இடுப்பு, இடுப்பு" என்று நான் கத்தினால் சம்பந்தியம்மா தைலத்தோடு வந்து நிற்பார். நான் ஆடுவது இங்கே யாருக்கும் தெரியாது. சௌம்யாவுக்கும் சொல்லவில்லை. மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறேன். வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிதான் எனக்குக் கண்ணாடி, மேடை, சபை எல்லாம்.

பிப்ரவரி 16 வானகரம் நிகழ்ச்சியில் ஸ்லோ பகுதி முழுக்க நான்தான் முன்னால் நிற்க வேண்டும். சபீனா என்னைச் சொன்னபோது நீங்கள் "அப்படியா" என்றீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. இந்த ஆட்டத்தில் மனப்பாடமான வரிசை கிடையாது. முன்னால் நிற்பவள் எந்த காம்போவைத் தொடங்குகிறாளோ, அதைப் பார்த்து மற்றவர்களும் தொடங்குவார்கள். அவளுக்கு முன்னால் பார்த்துச் செய்ய யாரும் இல்லை. எல்லாக் கல்யாணத்திலும் பந்தி பரிமாறப் பின்னால் நின்றவள் நான். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருத்தி என்னை முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் இடுப்பை அசைக்கச் சொன்னார் என்றுதான் அங்கே போனேன். இப்போது இடுப்புக்காகப் போகவில்லை.

நிமிர்ந்து பாருங்கள். யாரும் உங்களைக் கடிக்க மாட்டார்கள்.

கஸ்தூரி


நூம்பல்
23.11.2024

கஸ்தூரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் சும்மா இருந்தேன். பிறகு, நீ சொன்னது நியாயம் என்று பட்டது.

ஆனாலும் நேராகப் பார்க்க எனக்கு வரவில்லை. முதுகுப்பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்நியப் பெண்களின் இடுப்பைப் பார்ப்பது, அது எந்தக் காரணத்துக்காக இருந்தாலும், எனக்கு முடியாத காரியம். ஆகவே ஒரு வழி செய்துகொண்டேன். எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடியில் பார்ப்பது ஆளைப் பார்ப்பது ஆகாது என்று ஒரு சமாதானம்.

இந்த முறை இடுப்பு இருக்கிறது. "மாயா" என்று சபீனா குரல் கொடுத்ததும் அந்தப் பெயரில் யாரோ தாமதமாக வருகிறார்கள் என்று நினைத்து ஸ்டூலை நகர்த்தி வழிவிட்டேன். அது அசைவின் பெயராம். இடுப்பு மேலே எழும், வெளியே போகும், கீழே இறங்கும், உள்ளே வரும். நான்கு எண்ணிக்கை. பிறகு மறுபக்கம். அதன் பிறகு கை அலை. தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு, கடைசியில் விரல். எட்டு எண்ணிக்கை. ஒரு கை எழுவதற்கு எட்டு எண்ணிக்கை எடுத்துக்கொள்ளும் மனிதர்களை நான் பார்த்ததே இல்லை. மூன்றாவது எண்ணிக்கையில் கை எங்கே இருக்கிறது, நான்காவதில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு வேலை சுலபமாக இருந்தது. சொல்லப்போனால், நன்றாகவும் இருந்தது.

ஒரு முக்கியத் திருத்தம். தாள் எண் 1-ல் வலது கால் முன்னால் நீளும் என்று எழுதியிருந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அது தவறு என்று தெரிந்தது. கண்ணாடியில் தெரிகிற பெண் என்னைப் பார்த்து நிற்கிறாள். நம்மைப் பார்த்து நிற்பவரின் இடது கை நம் வலது பக்கம் வரும். இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அசைவையும் பக்கம் மாற்றி எழுதினேன். அப்படிப் பார்த்தால் முதலில் நீள்வது இடது கால். முதல் நாள் பதற்றத்தில் தவறாக எழுதியிருக்கிறேன். தாள் 1-ஐக் கிழித்துவிடு. தாள் 2 இரண்டு முறை சரிபார்க்கப்பட்டது.

தாட்சாயிணி என்ற பெண் உன்னை விசாரித்தாள். அவள் ஆவடி குவார்ட்டர்ஸில் நமக்குப் பின்வரிசையில் இருந்த சின்னசாமியின் மருமகளாம். எனக்குத் தெரியாமல் போயிற்று.

லோகநாதன்


திருவெறும்பூர்
4.12.2024

உங்களுக்கு,

தாள் 1 கிழித்தாயிற்று. தாள் 2-ஐப் புடவை மடிப்பில் வைத்திருக்கிறேன்.

உங்களுக்குள் இப்படி ஒருவர் இருப்பது எனக்குத் தெரியாது. "மூன்றாவது எண்ணிக்கையில் முழங்கை தோளைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்கும், அவசரப்பட்டு உயரக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்களே, சபீனா ஒரு வருடமாக என்னிடம் சொல்லிப் பார்த்தும் எனக்குப் புரியாதது அந்த ஒரு வரியில் புரிந்துவிட்டது. தினமும் ஒரு மணி நேரம். முதலில் படிக்கிறேன், பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு ஆடுகிறேன்.

ஒரே இடத்தில் இடிக்கிறது. முதல் காம்போ முடியும்போது இடது காலில் நிற்கிறேன். நீங்கள் எழுதிய இரண்டாவது காம்போ அதே இடது காலை முன்னால் நீட்டச் சொல்கிறது. நிற்கிற காலையே எப்படி நீட்டுவது? அதனால் நடுவில் ஒரு சின்னக் கால் மாற்று வைத்துக்கொண்டேன். சரிதானா என்று சபீனாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

போன வாரம் சம்பந்தியம்மா பார்த்துவிட்டார். துணி எடுக்க மாடிக்கு வந்தவர் ஜன்னல் வழியாக நான் வளைவதைக் கண்டிருக்கிறார். "ஏன் சம்மந்தி, இடுப்புப் பிடிச்சுக்கிச்சா?" என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு ஒரு கிண்ணம் விளக்கெண்ணெயைக் காய்ச்சி என் கையில் கொடுத்து, "போங்க, மாடியில வெச்சு நல்லா தேச்சுக்கோங்க, யாரும் வரமாட்டோம்" என்கிறார். இனி எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எண்ணெயைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

கஸ்தூரி


நூம்பல்
14.12.2024

கஸ்தூரிக்கு,

கால் மாற்றைப் பற்றி சபீனாவிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு வகுப்புகளிலும் நினைத்தேன். கேட்கவில்லை. அவள் பாட்டை நிறுத்தினால்தான் கேட்க முடியும். நிறுத்தினால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். தாள் இரண்டு முறை சரிபார்த்தது என்பதால் உன் கால் மாற்று சரியாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேறொன்று நடந்துவிட்டது. உன் இடம் காலியாக இருப்பதால் மற்ற ஐந்து பேருக்கும் வரிசை கலைகிறதாம். செவ்வாய்க்கிழமை சபீனா என்னிடம் வந்து, "அங்கிள், ஆன்ட்டி இடத்துல நீங்க சும்மா நில்லுங்களேன். ஒண்ணும் பண்ண வேணாம். போஸ்ட் கம்பம் மாதிரி நின்னா போதும்" என்றாள். எனக்கு முதலில் காது கேட்கவில்லை என்று நடித்தேன். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். கீழே வேம்புலிக்கே கேட்டிருக்கும்.

நின்றேன். முக்கால் மணி நேரம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு. தாட்சாயிணி, "அங்கிள், நேஷனல் ஆன்தம் இல்ல, கொஞ்சம் லூசா நில்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இறங்கி வரும்போது வேம்புலி, "சார், நீங்களும் சேந்துட்டீங்களா?" என்றார். இல்லை, கம்பமாக நிற்கிறேன் என்றேன். "கம்பம்னாலும் ஸ்டிராங்கா நிக்கணும் சார்" என்று சொல்லி உட்கார நாற்காலி போட்டார். முதல் முறையாக அவர் கடையில் உட்கார்ந்தேன்.

உன்னிடம் மறைக்க வேண்டாம். வீட்டில் தாளைச் சரிபார்ப்பதற்காக நானும் அசைவுகளைச் செய்து பார்க்கிறேன். வரைபடம் சரியா என்று அறிய ஒரு மாதிரி செய்து பார்ப்பது எங்கள் வழக்கம். வேறு நோக்கம் இல்லை. முட்டி சற்று வலிக்கிறது.

லோகநாதன்


திருவெறும்பூர்
12.1.2025

தாத்தாவுக்கு,

போனில் கேட்டிருப்பீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு. ஒன்பதாம் தேதி காலை ஆறு ஐம்பதுக்கு. உங்கள் நெற்றி. சௌம்யா நன்றாக இருக்கிறாள். கோபி மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் யாரைப் பார்த்தாலும் கும்பிடுகிறார், லிஃப்ட் ஆபரேட்டரைக்கூட.

எனக்கு இரட்டைச் சந்தோஷம். அந்த இரண்டாவது காம்போ இப்போது கண்ணை மூடினாலும் வருகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மனதுக்குள் ஆடினேன். இடது இடுப்பு எழுந்து, வெளியே போய், இறங்கி, உள்ளே. நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டபோது கை அலையில் ஆறாவது எண்ணிக்கையில் இருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இவ்வளவு மெதுவாக நான் எதையும் செய்ததில்லை. சமையல், துவையல், பேருந்துக்கு ஓடுவது, எல்லாமே அவசரம்தான். இதில் மட்டும் யாரும் என்னை அவசரப்படுத்துவதில்லை.

புத்தாண்டுக்குப் பிறகு நீங்கள் ஏன் எழுதவே இல்லை? காய்ச்சலா?

கஸ்தூரி


நூம்பல்
18.1.2025

கஸ்தூரிக்கு,

காய்ச்சல் இல்லை. பயம்.

ஜனவரி மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது. பதினைந்து நாட்களாகச் சொல்லாமல் இருந்தேன். முதலில், குழந்தை பிறக்கட்டும் என்று காரணம் வைத்துக்கொண்டேன். பிறகு உன் கடிதம் வந்தது. கண்ணை மூடினாலும் வருகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நடந்தது இது. அன்று வழக்கம்போல உன் இடத்தில் கம்பமாக நின்றேன். பாட்டு தொடங்கியது. வீட்டில் தினமும் செய்து பார்த்த பழக்கம், என்னை அறியாமல் கை எழுந்துவிட்டது. இடது கை. என் தாளில் உள்ளபடி. கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் ஐந்து பேருக்கும் மறுபக்கக் கை எழுந்திருக்கிறது. "அங்கிள் மட்டும் தனி ரூட்டு!" என்றாள் தாட்சாயிணி.

நான் அசையாமல் நின்று யோசித்தேன். என் வலது கையைத் தூக்கினேன். கண்ணாடியிலும் அது என் வலது பக்கமே இருந்தது. அவர்களும் நானும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறோம். அவர்களுடைய வலது கை கண்ணாடியிலும் வலது பக்கமே தெரியும். கண்ணாடி எதையும் மாற்றவில்லை, கஸ்தூரி. நான்தான் மாற்றினேன். திருத்தத் தேவையில்லாத ஒன்றைத் திருத்தினேன். தாள் 1 சரி. பாதத்தை மட்டும் பார்த்து எழுதியது. அதைத்தான் உன்னைக் கிழிக்கச் சொன்னேன்.

நீ எழுதிய அந்தக் கால் மாற்று எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அது சரியான தாளாக இருந்தால் கால் மாற்றே தேவைப்பட்டிருக்காது. நீ கேட்டாய். நான் சபீனாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டிசம்பரிலேயே முடிந்திருக்கும். கூச்சப்பட்டுக் கேட்கவில்லை.

இரண்டு மாதமாக நீ பழகியது முழுவதும் பக்கம் மாறியது. நிகழ்ச்சிக்கு இன்னும் இருபத்தொன்பது நாள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

லோகநாதன்


திருவெறும்பூர்
22.1.2025

படித்தேன்.

கண்ணாடிக்குப் பயந்தீர்கள், சபீனாவுக்குப் பயந்தீர்கள், கடைசியில் எனக்குப் பயந்தீர்கள். பதினைந்து நாள் முன்னால் சொல்லியிருந்தால் எனக்குப் பதினைந்து நாள் கிடைத்திருக்கும்.

இன்று மாடிக்குப் போகவில்லை.

சபீனாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் போனில் சொல்ல மாட்டேன்.

க.


நூம்பல்
28.1.2025

கஸ்தூரிக்கு,

இன்று சொல்லிவிட்டேன். வகுப்பு தொடங்குமுன், எல்லோர் முன்னிலும். தனியாகச் சொல்லலாம் என்று சீக்கிரமே போனேன். ஆனால் எல்லோரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். வேம்புலியும் ஏதோ ஒழுகுகிறது என்று பார்க்க மாடிக்கு வந்திருந்தார்.

சபீனா முதலில் சிரித்தாள். "கண்ணாடிக்கே கரெக்ஷன் போட்ட ஒரே ஆள் நீங்கதான் அங்கிள்." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்தொன்பது நாள் போதுமா என்று கேட்க நினைத்திருந்தேன், இப்போது பத்தொன்பது நாளாகிவிட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஸ்பீடா கத்துக்கிட்டதை மாத்திடலாம் அங்கிள். மெதுவா கத்துக்கிட்டது உடம்புல இறங்கிடும். ஆன்ட்டி அதை வெளிய எடுக்கறது கஷ்டம். முன்னால நிக்கறவங்க தயங்கினா பின்னால அஞ்சு பேரும் தயங்குவாங்க."

பின்னால் நிற்கும் ஐந்து பேரில் மைதிலியை முன்னால் நின்று பழகச் சொல்லியிருக்கிறாள். ஏழாம் தேதி வகுப்பில் நீ வந்து ஆடிக் காட்டிய பிறகு யார் முன்னால் நிற்பது என்று முடிவாம். மைதிலி என்னிடம் வந்து, "நான் கேட்டு வாங்கலை அங்கிள், ஆன்ட்டி தப்பா நினைக்கப் போறாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் ஆறுதல் சொல்லத் தெரியாமல், நீ தப்பாக நினைக்க மாட்டாய் என்றேன். நினைக்க மாட்டாய்தானே?

தாள் எண் 3 இணைத்திருக்கிறேன். இந்த முறை நேராகப் பார்த்து எழுதினேன். சபீனா வரிக்கு வரி படித்துக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என் கையெழுத்து போடவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதி அடித்துவிட்டேன். நீ இந்த வயதில் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அதற்கு என்னை நம்பினாய்.

லோகநாதன்


திருவெறும்பூர்
1.2.2025

உங்களுக்கு,

மைதிலி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, சொல்லிவிடுங்கள். ஆனால் இடத்தை விடுவதாகவும் இல்லை, அதையும் சொல்லிவிடுங்கள்.

அந்தச் சின்னக் கடிதம் எழுதிய மறுநாள் சௌம்யா கேட்டாள், "ஏம்மா, ரெண்டு நாளா எண்ணெய் தேய்க்கப் போகலையா?" அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள், "அம்மா, படுக்கையில இருந்தவளுக்கு மேல் தளத்துல நடக்கிறது கேக்காதா? எட்டு எட்டா எண்ணுற. அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் மத்தியானம் தூங்குவேன்." அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் கண்ணாடிக் கதை உட்பட. பிரசவத் தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் அங்கேயே போயிற்று என்று சொல்ல மாட்டேன், பாதி போயிற்று.

தாள் 3 கஷ்டமாக இருக்கிறது. வலது இடுப்பை எழுப்பச் சொன்னால் அது என்னை யார் என்று கேட்கிறது. அரிச்சுவடியிலிருந்து மறுபடியும். நேற்று மட்டும் நாற்பது தடவை.

ஐந்தாம் தேதி வருகிறேன். பன்னிரண்டு நாளைக்குக் குழந்தையைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சம்பந்தியம்மா ஒப்புக்கொண்டார். என் இடுப்புக்குச் சென்னையில் நல்ல டாக்டர் இருப்பதாகச் சௌம்யா சொல்லியிருக்கிறாள். பெரிய மனசோடு ஒரு பாட்டில் எண்ணெயும் கட்டிக் கொடுக்கிறார்.

ஒரு வேலை செய்யுங்கள். நான் வந்ததும் காலையும் மாலையும் என்னோடு பழக வேண்டும். எதிரில் நிற்காதீர்கள், மறுபடியும் குழப்பம் வரும். பக்கத்தில் நில்லுங்கள்.

கஸ்தூரி


நூம்பல்
20.2.2025

கஸ்தூரிக்கு,

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலையிலேயே நீ ரயில் ஏறிவிட்டாய். ஸ்டேஷன்வரை வழி முழுக்கப் பேத்தியைப் பற்றியே பேசினாய். நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. எழுதினால்தான் எனக்கு வருகிறது.

ஏழாம் தேதி உன்னைப் பார்த்துவிட்டு சபீனா "ஆன்ட்டிதான் முன்னால" என்று சொன்னபோதும், மைதிலி உன்னைக் கட்டிக்கொண்டபோதும் எனக்கு நிம்மதி வரவில்லை. மேடையில் என்ன ஆகுமோ என்ற கவலைதான். நிகழ்ச்சியன்று மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வேம்புலி, வெள்ளைச் சட்டையில்.

நீ முன்னால் நின்றதால் உன் பின்னால் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

முதல் காம்போ பிசகில்லாமல் முடிந்தது. இடது காலில் நின்றாய். அடுத்து வலது கால் நீள வேண்டும். நீ ஒரு சின்னக் கால் மாற்று செய்தாய். மண்டபத்தில் அதன் அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பழைய தாள். என் தவறு உனக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று தெரிந்தது. இடது கால் நீண்டது. இடது இடுப்பு எழுந்தது.

ஐந்து பேரும் வலது பக்கத்துக்குத் தயாராக நின்றார்கள். தாட்சாயிணி முதல் எண்ணிக்கையிலேயே உன்னைப் பார்த்துவிட்டாள். எடையை மாற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். மைதிலி கடைசி. மூன்றாவது எண்ணிக்கைக்குள் ஐந்து இடுப்பும் இடது பக்கம் எழுந்துகொண்டிருந்தன. ஒருத்தி முகத்திலும் பதற்றம் இல்லை. ஒருத்தியிடமிருந்து அடுத்தவளுக்கு அது போன விதம், வேண்டுமென்றே அப்படி அமைத்ததுபோல இருந்தது. கை அலையின்போது ஆறு கைகளும் ஒரே உயரத்தில் இருந்தன. இடது கைகள்.

"சார், மேடம் எந்தப் பக்கம் போனாலும் மொத்த செட்டும் அப்படியே பின்னாடி போவுதே, இன்னா கன்ட்ரோலு!" என்றார் வேம்புலி. முடிந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் எழுந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

நீ பதினைந்து நாள் பாடுபட்டுத் திருத்தியும், அந்த நேரத்தில் என் தவறு உன்னை இழுத்துவிட்டது. நல்லபடியாக முடிந்தது அவர்களுடைய கவனத்தால். அதற்காக வருத்தம் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் எழுத எழுத வருத்தம் வரவில்லை. முழு உண்மையைச் சொன்னால், அந்த எட்டு எண்ணிக்கையை நான் மறுபடியும் மறுபடியும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது தவறா?

லோகநாதன்


திருவெறும்பூர்
25.2.2025

உங்களுக்கு,

குழந்தை மடியில் தூங்குகிறது. ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணல் என்றால் அதனால்தான்.

நீங்கள் என்னை இன்னும் நம்பவில்லை. என்னை எதுவும் இழுக்கவில்லை.

முதல் காம்போ முடிந்து இடது காலில் நின்றபோது எனக்கு எல்லாம் தெளிவாக நினைவிருந்தது. அடுத்தது வலது கால், வலது இடுப்பு, தாள் 3, சபீனா கையெழுத்து. வலது பக்கம் வராது என்ற பயமும் இல்லை. ஏழாம் தேதி ஆடிக் காட்டினேனே, வந்ததே. ஆனால் அந்த மேடையில் அவ்வளவு பேர் முன்னால் நின்றபோது, வலது பக்கம் நான் பதினைந்து நாளில் பாடமாகப் படித்தது என்று பட்டது. இடது பக்கம் அப்படி இல்லை. மாடி அறையில் யாரும் பார்க்காமல், யாரும் சொல்லித் தராமல், உங்கள் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு அறுபது மத்தியானங்களில் நானாகக் கண்டுபிடித்தது அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு இருந்தது அதுதான். நான் முன்னால் நிற்பது இந்த ஒரு தடவையாகக்கூட இருக்கலாம். இருக்கிற இடத்தில் எது என்னுடையதோ அதைச் செய்யலாம் என்று தோன்றியது. கால் மாற்றினேன்.

வேகமான பாட்டாக இருந்தால் துணிந்திருக்க மாட்டேன், பின்னால் ஐந்து பேரும் மோதியிருப்பார்கள். இது மெதுவான பாட்டு. ஒரு இடுப்பு எழுவதற்கு நான்கு எண்ணிக்கை இருக்கிறது. அவர்கள் பார்த்துவிட்டு வருவதற்கு அது போதும் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. வருவார்கள் என்று தெரிந்தது, வந்தார்கள்.

ஆகவே உங்கள் வருத்தத்தைத் திருப்பி அனுப்புகிறேன். மறுபடியும் மறுபடியும் நினைத்துப் பார்ப்பதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அதே வேலைதான்.

ஒன்று. இதை சபீனாவிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த நிகழ்ச்சியில் அதே இடத்தில் அப்படியே செய்யச் சொல்வாள். அப்போது எனக்கு வராது.

கஸ்தூரி